மாமனார் காலும் மாப்பிள்ளை மெஷினும்

மாமனாரின் வலது கால் தையல் மெஷினுக்கு அடியில் இருந்தது. மீதி உடம்பு முழுவதும் பாயின் மேல், அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு," என்றார் மெக்கானிக்.

"பயமா, எனக்கா? அவர் கைதான் நடுங்குது. அத மொதல்ல நிறுத்தச் சொல்லும்மா," என்றார் மாமனார்.

இருவருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு தையல் மெஷினின் அகலம்தான். ஆனாலும் அவர்கள் பேச்சு சமையலறை வாசல்வரை போய், அங்கே கரண்டியோடு நின்றவளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தது.

"எனக்குக் கேட்டுடுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும்," என்றாள் அவள். ஒருவருக்கு மகள், மற்றவருக்கு மனைவி. இருவருக்கும் தந்தி ஆபீஸ்.

கல்யாணமான நாளிலிருந்து இதே ஏற்பாடுதான். மாமனார் ஓட்டக்காரர். பள்ளிக்கூடத்தில் ஓட ஆரம்பித்தவர், இன்னும் நிற்கவில்லை. எழுபது வயது தாண்டியவர்களுக்கான நூறு மீட்டர் பந்தயத்தில் வருஷம் தவறாமல் ஓடுவார். தனக்கு வரப்போகிற மருமகன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு உயரமாவது தாண்டுகிறவனாக இருப்பான் என்று நினைத்திருந்தார். வந்து சேர்ந்தவரோ ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். மாடிப்படி ஏறி வந்தால் அவர் வாயிலிருந்து முதலில் மூச்சுதான் வரும், பேச்சு நிதானமாகப் பின்னால் வரும். முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அப்படி அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, மாமனார் மகளிடம், "இவருக்குத் தண்ணி குடும்மா," என்றார். அதற்குப் பிறகு எது சொல்வதானாலும் மகள் வழியாகத்தான். பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. நேராக வரவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. ஒரே ஒரு தடவை அந்த மனிதர் தன் முகத்தைப் பார்த்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் போதும்.

வழி கிடைக்காமல் இருந்தவருக்கு மாமனாரின் கெண்டைக்கால் வழிவிட்டது. பந்தயத்துக்கு நாள் நெருங்கும் நேரத்தில் அது பிடித்துக்கொண்டது. நாலடி ஓடினால் கல்லாக இறுகியது. மாமனார் வருஷா வருஷம் இரண்டாவதாகத்தான் வருவார். முதலாவதாக வருபவர் ஒரு பல் டாக்டர். மாமனாருடைய பல்செட்டைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். தான் கட்டிய பல்லையே எதிராளி நறநறவென்று கடிப்பதை அவர் எல்லைக்கோட்டில் நின்று திரும்பிப் பார்ப்பாராம். மாமனாருக்கு அதுதான் தாங்கவில்லை.

"இந்த வருஷமாவது அவர ஜெயிச்சிடலாம்னு இருந்தேம்மா," என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி மாமனார் சொன்னார்.

மெக்கானிக் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து யோசனை. தசையைத் தட்டித் தட்டி இளக்க வேண்டும். கையால் தட்டினால் கை சோர்ந்துபோகும். சோராமல் மேலும் கீழும் போய்வருவது எது? அவருக்குத் தெரிந்தவரையில் உலகத்தில் அப்படிப் போய்வருவது ஒன்றுதான். தையல் மெஷினின் ஊசிக்கம்பி.

கம்பெனியில் கழித்துப்போட்ட, கூடாரத் துணி தைக்கும் பெரிய மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊசியைக் கழற்றினார். கம்பியைப் பாதிக்கு அறுத்து முனையில் ஒரு ரப்பர் பந்தைச் செருகினார். துணி போகிற இடத்தில் இப்போது மாமனாரின் கால்.

"ஆரம்பிக்கலாமான்னு கேளு."

"ஆரம்பிக்கச் சொல்லு."

பந்து தட்டியது. மென்மையாகத்தான் தட்டியது. மாமனார் முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது. ஆனால் மெக்கானிக் ஒரு விஷயத்தை மறந்திருந்தார். தையல் மெஷினுக்கு அடியில் வரிசையாகப் பற்கள் உண்டு. மேலே ஒவ்வொரு குத்து விழும்போதும் அவை துணியைக் கொஞ்சம் முன்னே தள்ளும். துணியைத் தள்ளுவதற்காகவே பிறந்த பற்கள், துணிக்கும் மாமனாருக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. அவர் பாயோடு சேர்ந்து மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தார்.

"எங்கயோ போறேம்மா நான்," என்றார் மாமனார்.

"எங்க போறீங்க, இங்கதான் இருக்கீங்க," என்றாள் மகள், அடுப்பைப் பார்த்தபடி.

திரும்பிப் பார்த்தபோது அவர் கால் மெஷினின் மறுபக்கம் தொடைவரை போயிருந்தது. தைக்க ஆரம்பித்த துணியை முழுக்கத் தைத்து அந்தப் பக்கம் தள்ளாமல் நிற்காத மெஷின் அது. கம்பெனியில் அதற்கு நல்ல பெயர். மெக்கானிக் ஸ்விட்சைத் தேடினார். ஸ்விட்ச் பாய்க்கு அடியில் போயிருந்தது. பாய்மேல் மாமனார் இருந்தார். கடைசியில் மகள்தான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

"கால் பரவாயில்லையான்னு கேளு," என்றார் மெக்கானிக்.

"இடுப்பு போச்சுன்னு சொல்லு," என்றார் மாமனார்.

மெக்கானிக் மனம் தளரவில்லை. மெஷினுக்குள் ஆள் போகக் கூடாது, மெஷின்தான் ஆளிடம் வர வேண்டும். இதுதான் அவர் கற்றுக்கொண்ட பாடம். ஊசிக்கம்பி இருந்த தலைப்பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி, ஒரு மோட்டாரைப் பொருத்தி, கையில் பிடித்துக்கொள்ளப் பிடி வைத்தார். வேகத்துக்குத் தையல் மெஷினில் இருக்கும் அதே கால் பெடல். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

பிடிக்க ஒரு ஆள், மிதிக்க ஒரு ஆள் வேண்டும். மனைவியை மிதிக்கச் சொன்னார்.

"எனக்கு வேலை இருக்கு. சும்மா ஒரு நிமிஷம் மிதிப்பேன்."

"மெதுவா மிதி. மெத்துனு மிதி."

மெத்தென்றுதான் மிதித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் காலிங் பெல் அடித்தது. அவள் காலை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். போகிற போக்கில் பெடலைக் கால் இடறி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டது. அலமாரிக்கும் தரைக்கும் இருந்த இடைவெளியில் பெடல் கச்சிதமாகப் புகுந்து, அழுந்தி, அப்படியே நின்றது. அலமாரி கனத்த அலமாரி. அவ்வளவு அழுத்தமாக எந்த மனிதக் காலும் அந்தப் பெடலை மிதித்ததில்லை.

மெஷின் எடுத்த வேகத்தில் மெக்கானிக்கின் கண்ணாடி மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது. பிடியை விட்டால் எங்கே பாயுமோ என்று பயந்து விடாமல் பிடித்தார். பிடித்தால் மாமனார் காலில் அழுந்தியது. மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வெளியே வரவில்லை, பல்செட் வந்தது. தரையில் விழுந்த பல்செட்டும் சும்மா இருக்கவில்லை. அதிர்ச்சியில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடகடவென்று அடித்துக்கொண்டு, அவர் சொல்ல நினைத்ததை எல்லாம் அதுவே சொல்லிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தது.

வாசலில் நின்ற கூரியர்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கினார்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகு, பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு மாமனார் மகளைப் பார்த்தார். "அவருக்கு என் மேல ஏதாவது கோபமான்னு கேளும்மா. இருந்தா பேசித் தீத்துக்கலாம்."

மெக்கானிக்கின் நெஞ்சில் அது ஆணியாக இறங்கியது. மாப்பிள்ளை என்று கூப்பிட வைக்கலாம் என்று பார்த்தால், இருந்த பேரும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை பெடலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு ஸ்விட்ச் வைத்தார். குத்து மென்மையாக இருக்கட்டும் என்று பந்துக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார்.

ஸ்பிரிங்கின் குணம் மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை. வாங்கியதை வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுப்பது அதன் குணம். ஆனால் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. மோட்டார் ஒரு தடவை குத்த, ஸ்பிரிங் அதை வாங்கி இன்னொரு தடவை குத்தியது. குத்துக்கு நடுவே ஒரு குத்து.

இந்த முறை மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். பந்து கெண்டைக்காலைத் தொட்டது. மாமனார் "ம்" என்றார். அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து வந்ததால் எந்த மொழி என்று தெரியவில்லை. கட்டிலின் மரை ஒன்று தானாகத் திருகிக்கொண்டு வெளியே வந்து தரையில் உருண்டது. பிறகு இன்னொன்று. எந்தக் கருவியும் இல்லாமல், யாரும் கை வைக்காமல், அந்தக் கட்டில் கடையிலிருந்து வந்த நிலைக்குப் பலகை பலகையாகத் திரும்பியது. நடுவில் மாமனார் இருந்தார்.

கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்தாள். தலையில் சுண்ணாம்புத் தூள்.

"எங்க வீட்டு மேற்கூரை உதிருது. மேல என்ன பண்றீங்க?"

"எங்கப்பாவுக்குக் கால் பிடிச்சு விடுறோம்," என்றாள் மகள்.

அந்த அம்மாள் பலகைகளுக்கு நடுவே கிடந்தவரைப் பார்த்தாள். அதன் பிறகு மேற்கூரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் மாமனாரால் காலை மடக்க முடியவில்லை. மடக்கினால் நீட்ட முடியவில்லை. வலி முன்பு கெண்டைக்காலில் மட்டும் இருந்தது, இப்போது இடுப்புவரை குடித்தனம் வந்துவிட்டது. மகள் கணவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. எங்கப்பா ஓடி ஜெயிக்கலன்னாலும் பரவாயில்ல. உயிரோட நடந்தா போதும். அந்தச் சனியன இன்னிக்கே தூக்கிப் போடுங்க."

"நல்லது நினைச்சுத்தானே செஞ்சேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. கெட்டது நினைச்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீங்க."

மெக்கானிக் மெஷினைப் பழைய துணியில் சுற்றி, கீழே குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். திரும்பிப் படியேறும்போது மூச்சு வாங்கியது. வழக்கத்தைவிட அதிகமாகவே வாங்கியது.

மாமனார் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார். ஓடுவதற்கு இல்லை, கூட ஓடுகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்க. வாழ்நாளில் அவர் மைதானத்துக்கு நடந்து போனது அன்றுதான்.

போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். முகத்தில் ஏதோ யோசனை. செருப்பைக் கழற்றவில்லை. நேராக மெக்கானிக் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். நடுவில் மகள் இல்லை.

"மாப்பிள்ளை," என்றார்.

மெக்கானிக் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"உங்களத்தான் மாப்பிள்ளை. அந்த மெஷின் எங்க?"

மெக்கானிக் எழுந்து ஓடினார். ஆமாம், ஓடினார். படியிறங்கிக் குப்பைத் தொட்டிவரை போய், துணிச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். மூச்சு வாங்கவே இல்லை.

"நல்ல மெஷின்," என்றார் மாமனார், அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தபடி. "அவசரப்பட்டுத் தப்பா பேசிட்டேன். இதோட சக்தி எனக்கு அப்பப் புரியல."

"ஸ்பிரிங்க எடுத்துட்டு இன்னும் கொஞ்சம் மெதுவா ஆக்கிடட்டுமா மாமா?"

"எதுலயும் கை வெக்காதீங்க. இப்படியே இருக்கணும். கரண்ட் இல்லாம ஓடற மாதிரி மட்டும் பண்ண முடியுமா? மைதானத்துல வெச்சுப் போடணும். ஓடி முடிச்ச சூட்டோட போட்டாத்தான் பலன்."

"பேட்டரி வெச்சுடலாம் மாமா."

"நல்ல பெயிண்ட் ஒண்ணு அடிங்க. பார்த்தா வாங்கிப் பார்க்கணும்னு தோணணும். ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி வெள்ளையா."

மனைவி சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தந்தி ஆபீஸைத் திடீரென்று மூடிவிட்டதால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல், "அப்பா, நேத்து அது உங்கள கட்டிலோட சேர்த்துப் பிரிச்சு போட்டுச்சு," என்றாள்.

"உனக்கு விளையாட்டுப் பத்தி என்னம்மா தெரியும்," என்றார் மாமனார்.

மெக்கானிக் பேட்டரி வைத்தார், வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பையும் தைத்துக் கொடுத்தார். மாமனார் குடையை விட்டார். கொஞ்ச நாளில் நொண்டலையும் விட்டார். காலையில் பையை மாட்டிக்கொண்டு போனால், வெயில் ஏறியபின் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து சேருவார்.

"இன்னிக்குப் போட்டாச்சா மாமா?"

"ஒரு நாள் விடுறதில்ல மாப்பிள்ளை."

"வலி?"

"இப்ப சுத்தமா இல்ல."

"நான் ஒரு நாள் மைதானத்துக்கு வந்து பார்க்கட்டுமா? எங்க எப்படிப் படுதுன்னு..."

"உங்களுக்கு ஆயிரம் வேலை. நீங்க எதுக்கு அலையணும்? பேட்டரிய மட்டும் ராத்திரி மறக்காம சார்ஜுல போடுங்க."

அந்த நாட்களில் மெக்கானிக் தரையில் நடக்கவில்லை. கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கும் மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம், "எங்க மாமா சொல்வார், மாப்பிள்ளைன்னு," என்று பேச்சைத் தொடங்குவார். முதலில் கேட்டவர்கள் பிறகு அவர் வரும்போது மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாசம் உள்ளவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மாமனார் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார், தன் மனம் நோகக் கூடாது என்று சொல்லாமல் இருக்கிறார் என்று மெக்கானிக்குக்கு ஒரு சந்தேகம். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, குத்தின் நீளத்தைக் குறைத்து, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெத்தை ரப்பர் வைத்து, இன்னொரு தலைப்பகுதி செய்தார். நாளெல்லாம் குனிந்து தைத்துத் தோள்பட்டை இறுகிப்போன ஒரு தையல்காரம்மாவிடம் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளிடமிருந்து அடுத்தவள் வாங்கினாள். மெஷின் வரிசை வரிசையாகப் போய், மேனேஜர் அறைக்குள் நுழைந்து, சாயங்காலம் அவரிடம் கெஞ்சித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடிப்பு முடிந்தது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டுக்காரர்களின் தசைவலி இனி இந்த உலகத்தில் இருக்காது. மாமனாருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, சொல்லாமல் தலைப்பகுதியை மாற்றிப் பையில் வைத்தார்.

மறுநாள் மாமனார் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். பையைச் சோபாவில் போட்டார். மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"மெஷின்ல என்ன பண்ணினார்னு அவர்கிட்ட கேளும்மா."

மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். "மாமா, எங்கிட்டயே சொல்லுங்க. வலிக்குதா?"

"சுகமா இருக்காம்னு சொல்லும்மா. தூக்கம் வருதாம். தூங்கவாம்மா மைதானத்துக்குப் போறது?"

"சுகமா இருந்தா நல்லதுதானேப்பா," என்றாள் மகள், பழைய வேலையில் மறுபடி உட்கார்ந்தபடி.

"சுகமா இருந்தா எப்படிம்மா ஜெயிக்கிறது? பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கு. இந்த நேரத்துல போயி... பழையபடி மாத்தித் தரச் சொல்லு."

அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்து மனசு என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். சுகத்தையே வேண்டாம் என்கிற வீரரை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார். கண் கலங்க, அன்றே நல்ல தலைப்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய ஸ்பிரிங்கை மாட்டினார். மாட்டும்போது பயந்து பயந்து கேட்டார்.

"வேகத்தை வேணும்னா இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா மாமா?"

மாமனார் மெல்லத் திரும்பினார். முகத்தில் குழந்தையின் களை.

"முடியுமா மாப்பிள்ளை?"

முடிந்தது. மெக்கானிக் தன் தொழில் அனுபவம் முழுவதையும் அந்த ஒரு வேலையில் இறக்கினார். சோதித்துப் பார்க்கக் குளிர்பதனப் பெட்டியின்மேல் லேசாக வைத்தார். அது கதவைத் திறந்துகொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பியது.

பந்தய நாளில் மெக்கானிக் லீவு போட்டுவிட்டு மனைவியோடு மைதானத்துக்குப் போனார். சுண்ணாம்புக்கோடு போட்ட பாதை, ஓரத்தில் ஷாமியானா, ஒரு மைக், தண்ணீர் கேன். எழுபது தாண்டியவர்கள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அரைக்கால் சட்டையும் முதுகில் எண்ணும். பல் டாக்டரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. ஆறடி உயரம், நெஞ்சை நிமிர்த்தினால் இன்னும் கொஞ்சம். ஆனால் அவர் அன்று நெஞ்சை நிமிர்த்தவில்லை. பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் அதற்கடுத்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி ஆள், ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் மட்டும் யாரையும் பிடிக்காமல், இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, மத்தவங்க எல்லாம் இப்படி இருக்காங்க?" என்றாள் மனைவி.

"வயசாச்சு இல்ல," என்றார் மெக்கானிக் இரக்கத்தோடு. "பாவம், இவங்களுக்கெல்லாம் ஒரு மெஷின் செஞ்சு குடுக்க மாப்பிள்ளை அமையல."

துப்பாக்கி வெடித்தது. மாமனார் புறப்பட்டார். மற்றவர்களும் புறப்பட நினைத்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது, கால்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை. பல் டாக்டர் வலது காலை எடுத்து வைத்தார், பிறகு இடது காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். போஸ்ட்மாஸ்டர் கொடிக்கம்பத்தை விடவே இல்லை. மாமனார் எல்லைக்கோட்டைத் தொட்டு, திரும்பிப் பார்த்து, யாரும் வராததால் கொஞ்ச நேரம் காத்திருந்து, கைக்குட்டையால் முகம் துடைத்து, பார்த்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்து முடித்தபோதுதான் இரண்டாவது ஆள் பாதி தூரம் வந்திருந்தார்.

மாமனார் கழுத்தில் பதக்கம் ஏறியது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"இத்தனை வருஷமா ரெண்டாவதா வந்தவன் நான். இந்த வெற்றிக்கு நான் காரணம் இல்ல. அதோ அங்க கோடு போட்ட சட்டையில நிக்கிறாரே, அவர்தான் காரணம். என் மாப்பிள்ளை. அவர் செஞ்ச மெஷின் மட்டும் இல்லன்னா இந்தப் பதக்கம் இன்னிக்கும் பல் டாக்டர் கழுத்துலதான் இருந்திருக்கும்."

கூட்டம் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்துக் கைதட்டியது. கோடு போட்ட சட்டையின் கோடுகள் அவருக்கே கலங்கித் தெரிந்தன. மனைவி தன் முந்தானையைக் கொடுத்தாள். அவர் அதில் கண்ணைத் துடைத்து, மூக்கையும் துடைத்து, திருப்பிக் கொடுத்தார். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

ஷாமியானாவின் ஓரத்தில் பல் டாக்டர் இரண்டு கால்களையும் ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோற்ற மனிதருக்கு ஒரு ஆறுதல் சொல்வது மரியாதை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. பக்கத்தில் போய், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சார். நீங்க சம்மதிச்சா எங்க மாமாகிட்ட கேட்டு, அந்த மெஷின உங்க காலுக்கும் ஒரு தடவை..." என்று தயங்கினார்.

பல் டாக்டர் தலை நிமிர்ந்தார். மெக்கானிக்கின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவர் கண்ணிலும் நீர்.

"உங்க மாமனார் மாதிரி தங்கமான மனுஷன் கிடைக்க மாட்டார் தம்பி. தினமும் எங்க எல்லார் காலுக்கும் தன் கையாலயே அந்த மெஷினப் போட்டு விட்டார். உங்களுக்கும் கொஞ்சம் வெச்சுக்கங்கன்னு நாங்க எவ்வளவோ கெஞ்சினோம், 'முதல்ல நீங்கல்லாம்'னு சொல்லி, அவர் காலுல மட்டும் ஒரு நாள்கூட வெச்சுக்கல."